சிங்கப்பூரில் தமிழர் 9 சதவீதமா, 5 சதவீதமா, 2.5 சதவீதமா?

நீலமேகம்:
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி சுற்றுகிறது. சிங்கப்பூரில் தமிழர் 2.5 சதவீதமாகச் சுருங்கிவிட்டார்களாம், இன்னும் கொஞ்ச காலத்தில் தமிழை ஆட்சிமொழிப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்களாம். ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசுகிறார். என் சித்தப்பா 9 சதவீதம் என்கிறார். அங்கே வேலை பார்த்துத் திரும்பிய மச்சான் 5 என்கிறார். எல்லோருமே "அரசாங்கக் கணக்கு" என்று சத்தியம் செய்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சண்டை மட்டும் வேண்டாம், அது வீட்டிலேயே நடக்கிறது.

கணக்குப்பிள்ளை:
மூன்று எண்ணும் சரிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது குடியிருப்பாளர்கள் 40.4 லட்சம். குடியிருப்பாளர் என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் (பிஆர்) சேர்ந்தது. அவர்களில் சீனர் 74.3, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9, மற்றவர் 3.2 சதவீதம். சித்தப்பா சொன்னது இந்த 9. ஆனால் 'இந்தியர்' என்ற பிரிவில் தமிழர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி, குஜராத்தி எல்லோரும் உண்டு. இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேச வம்சாவளியும் அதில்தான். அந்த 3.62 லட்சம் பேரில் தமிழர் பாதிக்குச் சற்று மேல். அதை மொத்தக் குடியிருப்பாளர்களோடு வகுத்தால் மச்சான் சொன்ன 5 வந்துவிடும்.

2.5 என்பது ஆள் கணக்கே இல்லை. 5 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் "வீட்டில் அதிகம் பேசும் மொழி எது" என்று கேட்டதற்கு "தமிழ்" என்றவர்கள் அத்தனை பேர். காணொளிக்காரர் வீட்டுமொழிக் கணக்கை எடுத்துத் தலைக்கணக்கு என்று விற்றிருக்கிறார்.

ஆட்சிமொழி விஷயம்: மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவில் இருக்கின்றன. இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் நீக்கம் என்ற நிபந்தனை எதுவும் அங்கே கிடையாது.

துவாஸ் ராசா:
அண்ணே, நான் புதுக்கோட்டைப் பக்கம். இங்கே கட்டுமானத்தில் வேலை, ஒர்க் பெர்மிட். எங்கள் விடுதியில் ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர், அதில் ஒன்பது பேர் தமிழ்தான் பேசுகிறோம். நாங்கள் அந்த 9இல் வருகிறோமா, 5இலா, 2.5இலா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, எதிலும் வரமாட்டீர்கள்.

2024 ஜூன் கணக்குப்படி சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 60.4 லட்சம். குடிமக்கள் 36.4 லட்சம், நிரந்தரவாசிகள் 5.4 லட்சம், மீதி 18.6 லட்சம் பேர் 'குடியிருப்பாளர் அல்லாதோர்'. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ், இ பாஸ் என்ற வேலை அனுமதிகளில் இருப்பவர்கள், வீட்டுப் பணிப்பெண்கள், மாணவர்கள் எல்லாம் அந்தக் கடைசிப் பகுதி. ஏறத்தாழ பத்துக்கு மூன்று பேர். இவர்களை 60.4 லட்சத்தில் சேர்ப்பார்கள். இன வாரியாகவோ மொழி வாரியாகவோ பிரிக்கும்போது சேர்க்கமாட்டார்கள். எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்ற பட்டியலையும் வழக்கமாக வெளியிடுவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா) நிற்கிற கூட்டத்தை வைத்து "இங்கே இவ்வளவு தமிழர் இருக்கிறார்களே" என்று ஊரிலிருந்து வருகிறவர் வியப்பதும், 5 சதவீதம் என்று அட்டவணை சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

துவாஸ் ராசா:
கொரோனா நேரத்தில் செய்தியிலும் அப்படித்தான் சொன்னார்கள். 'சமூகத்தில்' இத்தனை, 'விடுதிகளில்' இத்தனை என்று தினமும் இரண்டு எண். விடுதியில் ஆயிரம் தாண்டின நாளில் சமூகத்தில் இருபது முப்பதுதான் இருக்கும். ஊரில் அம்மா "நீ எந்த எண்ணிலடா இருக்கே" என்று போனில் கேட்டார்கள்.

பூன் லே வாசுகி:
ராசா தம்பி சொன்னது என்னை உறுத்துகிறது. அந்த விடுதிகளில் அப்போது மூன்று லட்சத்துக்கும் மேல் ஆட்கள் இருந்தார்கள். நாங்கள் மாடியிலிருந்து கைதட்டினோம், அவர்கள் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

2.5 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2010இல் அது 3.3 ஆக இருந்தது. இந்தியர்களுக்குள் மட்டும் பார்த்தால் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 36.7 சதவீதத்திலிருந்து 27.9க்கு இறங்கிவிட்டார்கள். பத்தே வருடத்தில். காணொளிக்காரர் எண்ணைத் தப்பாகப் பொருத்தியிருக்கலாம், ஆனால் பயம் முழுக்கப் பொய் இல்லை. நான் தமிழாசிரியை. என் வகுப்பில் பிள்ளைகள் "டீச்சர், கேன் ஐ கோ டு டாய்லட்டா?" என்று அந்த 'ஆ'வை மட்டும் தமிழில் வைத்துக் கேட்கிறார்கள். தாத்தா பாட்டி கூடவே இருக்கிற வீட்டுப் பிள்ளையை முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை:
வாசுகி அக்கா, இறக்கம் தமிழுக்கு மட்டும் இல்லை. அதே பத்து வருடத்தில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3 ஆனது. மாண்டரினே 35.6இலிருந்து 29.9க்கு வந்துவிட்டது. சீனக் கிளைமொழிகள் இன்னும் மோசம், 8.7. முக்கால் பங்கு சீனர் இருக்கிற நாட்டில் ஹொக்கியன், தியோச்சியூ, காண்டனீஸ் எல்லாம் சேர்த்தே இவ்வளவுதான். தமிழுக்குப் பள்ளிப் பாடம், வானொலி, 1935 முதல் தமிழ் முரசு என்று தாங்கிப் பிடிக்க ஆதரவு இருக்கிறது. ஹொக்கியனுக்கு அதுகூட இல்லை.

இன்னொன்று, கேள்வி "அதிகம் பேசும் மொழி" என்றுதான். 2020இல் இரண்டாவது மொழியையும் கேட்டார்கள். வீட்டில் அதிகம் ஆங்கிலம் பேசுகிறவர்களில் 87 சதவீதம் பேர் ஒரு தாய்மொழியையும் பேசுவதாகச் சொன்னார்கள்.

பூன் லே வாசுகி:
"சாப்டியா, தூங்கு" என்பதும் அந்த 87இல் சேர்ந்துவிடும் தம்பி. வகுப்பறையில் எனக்குத் தெரியும்.

செம்பவாங் சேட்டன்:
தமிழ் மன்றத்தில் மலையாளி நுழைவதற்கு மன்னிக்கவும் (பிறந்ததிலிருந்து தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவன், உரிமை உண்டு).

இந்தியர் 9 சதவீதம் என்பது எப்போதும் இருந்த எண் என்று நினைக்கிறார்கள். இல்லை. 1957இல் ஏறக்குறைய 9. 1980இல் 6.4. அந்த இடைவெளிக்கு ஒரு காரணம் எங்கள் ஆட்கள். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தை நம்பி ஏராளமான மலையாளிக் குடும்பங்கள் இருந்தன. 1971இல் பிரிட்டிஷ் படை மூட்டை கட்டியது. வேலை போனவர்களில் பலர் ஓய்வூதியத்தோடு கேரளாவுக்குக் கப்பல் ஏறினார்கள். என் தாத்தாவின் அண்ணன் போனார், தாத்தா போகவில்லை. அதனால்தான் நான் சாங்கியில் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) செய்தேன், என் ஒன்றுவிட்ட சகோதரன் திருச்சூரில் கடை வைத்திருக்கிறான்.

அப்புறம் 1990இல் 7.1, 2000இல் 7.9, 2010இல் 9.2. இந்த ஏற்றம் பிள்ளை பெற்று வந்ததில்லை. இந்தியாவிலிருந்து வந்து பிஆர் எடுத்த கணினித் துறை, வங்கித் துறை ஆட்கள். அவர்களில் பலர் தமிழர் இல்லை. அதனால் 'இந்தியர்' வளர்ந்தபோதும் அதற்குள் தமிழர் பங்கு சுருங்கியது.

நீலமேகம்:
இது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் ஒரு சந்தேகம். மலாய்க்காரர்களுக்குப் பிள்ளைகள் அதிகம் என்கிறார்கள். அப்படியானால் அவர்கள் சதவீதம் ஏறிக்கொண்டே போக வேண்டுமே? ஏன் பதின்மூன்றிலேயே நிற்கிறது?

கணக்குப்பிள்ளை:
இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

2020இல் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை) சீனருக்கு 0.94, இந்தியருக்கு 0.96, மலாய்க்காரருக்கு 1.82. மக்கள்தொகை தானாகவே நிலையாக நிற்க 2.1 வேண்டும். ஆக யாருமே அதை எட்டவில்லை, ஆனால் சீனரும் இந்தியரும் தலைமுறைக்குத் தலைமுறை பாதிக்கும் கீழே போகிற வேகத்தில் இருக்கிறார்கள். குடியேற்றம் இல்லாமல் விட்டால் சீனர் பங்கு மெல்ல இறங்கும், மலாய்ப் பங்கு ஏறும். அப்படி நடக்கவில்லை. ஏனென்றால் ஆண்டுக்கு 20,000க்கும் மேற்பட்டோருக்குக் குடியுரிமையும், 30,000க்கும் மேற்பட்டோருக்கு நிரந்தரவாசமும் கொடுக்கிறார்கள். குடிமக்களிடையே இன விகிதம் பெரிதாக மாறாதபடி அந்த எண்ணிக்கையும் கலவையும் பார்த்துக்கொள்ளப்படுகின்றன. நான் ஊகிக்கவில்லை, அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலேயே சொன்னது.

மற்ற நாடுகளில் மக்கள்தொகை அட்டவணை நடந்ததைச் சொல்லும். சிங்கப்பூரில் அது பாதிக்குப் பாதி கொள்கை ஆவணம். 74, 13, 9 என்று எண்கள் அசையாமல் இருக்கின்றன என்றால், அசையாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு இந்த நாட்டின் புள்ளிவிவரத்தில் முக்கியமான விஷயமாகத் தெரிவது இதுதான்.

பழைய தேக்கா:
எனக்கு எழுபது தாண்டிவிட்டது, மெதுவாகத் தட்டச்சு செய்கிறேன். பிடித்து வைப்பது இப்போது வந்த பழக்கம் இல்லை தம்பிமார்களே.

நான் பையனாக இருந்தபோது வீட்டுக்கு ஆறு, ஏழு பிள்ளைகள் சாதாரணம். 1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மட்டும் ஒரே வருடத்தில் 39,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. உலக சாதனை அது. அதே ஆண்டு குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தார்கள். 1972இல் 'இரண்டோடு நிறுத்துங்கள்' இயக்கம் வந்தது. நான்கு மொழியிலும் சுவரொட்டி. ஆணோ பெண்ணோ இரண்டு போதும் என்று இரண்டு பெண் குழந்தைகள் படம்.

சுவரொட்டியோடு விட்டார்களா? அடுத்தடுத்த பிரசவத்துக்குக் கட்டணம் ஏறும். மூன்றாவது பிள்ளைக்குச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு கிடையாது. கருத்தடை அறுவை செய்துகொண்டால் பிள்ளைக்குப் பள்ளியில் முன்னுரிமை. என் மனைவிக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தபோது வார்டில் ஒரு தாதி கையெழுத்து வாங்க வந்த சாக்கில் "இன்னும் போதவில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மனைவி அதைக் கடைசி வரை மறக்கவில்லை. அந்த மூன்றாவது பையன்தான் இப்போது என்னைப் பார்த்துக்கொள்கிறான்.

அப்புறம் 1983 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ குவான் யூ, படித்த பெண்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை, பிள்ளை பெறுவதில்லை என்று கவலைப்பட்டார். அடுத்த ஆண்டு பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை. படிப்பும் வருமானமும் குறைந்த தாய்மார்கள் ஓரிரு பிள்ளையோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஊரே கொதித்தது. பட்டதாரிப் பெண்களே "எங்களுக்கு இந்தச் சலுகை வேண்டாம்" என்றார்கள். 1984 தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சியின் (மசெக) வாக்கு 77இலிருந்து 64 சதவீதத்துக்கு இறங்கியது. முன்னுரிமைத் திட்டத்தை 1985இல் கைவிட்டார்கள். 1987இல் பல்லவியையே மாற்றிவிட்டார்கள்: வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல். என் மனைவி செய்தித்தாளைச் சுருட்டி என் தலையில் தட்டினாள்.

மதுரை மருது:
அரசாங்கம் மிரட்டித்தான் பிள்ளைகளைக் குறைத்தது என்று இதிலிருந்து தெரிகிறது. நம் ஊரிலும் இதே கதை. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த தமிழ்நாட்டுக்கு இப்போது எம்பி தொகுதி குறையும் என்கிறார்கள். தொகுதி மறுவரையறையில்...

நெறியாளர்:
மருது, மறுவரையறைக்குத் தனி இழை ஓடுகிறது, அங்கே 400 பதிவு தாண்டிவிட்டது. இங்கே சிங்கப்பூர் மட்டும்.

கணக்குப்பிள்ளை:
மருது கேட்டதில் முதல் பாதிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மிரட்டலால் மட்டும் என்று சொல்ல முடியாது. 1960இல் 5.8 போல இருந்த கருவள விகிதம் 1970இலேயே 3.1க்கு வந்துவிட்டது, அதாவது 'இரண்டோடு நிறுத்துங்கள்' வருவதற்கு முன்பே. 1975இல் 2.1. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், தொழிற்சாலைக்குப் போனார்கள், கம்பத்து (கிராமத்து) வீட்டிலிருந்து மூன்றறை அடுக்குமாடிக்கு மாறினார்கள். ஹாங்காங்கில் இப்படிப்பட்ட தண்டனைக் கட்டணம் எதுவும் இல்லை, அங்கேயும் அதே பள்ளத்தில்தான் விழுந்தார்கள். கொள்கை இறக்கத்தை விரைவுபடுத்தியிருக்கலாம். பழைய தேக்கா ஐயாவின் மனைவிக்கு நேர்ந்த அவமானத்துக்கு அது சமாதானம் ஆகாது, அது வேறு கணக்கு.

ஏற்றுவதற்கு எடுத்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை என்பதுதான் கசப்பு. 2001இல் குழந்தை போனஸ் வந்தது. இப்போது முதல் இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 11,000 வெள்ளி, மூன்றாவது முதல் 13,000. கருவள விகிதம் 2023இல் 0.97. முதல் முறையாக ஒன்றுக்குக் கீழே.

டிராகன் குட்டி:
என் பெயர்க் காரணம்: 1988இல் பிறந்தவன். சீன நாட்காட்டியில் டிராகன் ஆண்டு, அதிர்ஷ்டக் குழந்தை என்று எல்லோரும் பெற்றுத் தள்ளினார்கள். 1987இல் 1.62 இருந்த விகிதம் அந்த ஒரு வருடம் 1.96க்குத் துள்ளியது. நாங்கள் தமிழர், எங்களுக்கும் டிராகனுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். தொடக்கப் பள்ளி இடம், பல்கலைக்கழக இடம், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கான குலுக்கல், எல்லாவற்றிலும் எங்கள் ஆண்டுக்காரர்கள் முண்டியடித்தே வளர்ந்தோம்.

2012 டிராகனுக்கு 1.20இலிருந்து 1.29. போன 2024 டிராகனுக்கு? அதே 0.97. அசையவே இல்லை. டிராகனாலேயே முடியாததை 11,000 வெள்ளி செய்துவிடுமா?

எனக்கு ஒரே மகள். பணம் காரணம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் பெரிய காரணம் நேரம். நானும் மனைவியும் வீடு திரும்ப ஏழரை. இரண்டாவது பிள்ளைக்கு 'வேண்டாம்' என்று நாங்கள் முடிவே எடுக்கவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றே நாற்பதை நெருங்கிவிட்டோம்.

மதுரை மருது:
சரி, பிள்ளை பிறக்கவில்லை, வெளியிலிருந்து ஆட்களை எடுக்கிறார்கள். அதற்கு உள்ளூர்க்காரர்கள் எதிர்ப்பு இல்லையா?

டிராகன் குட்டி:
இல்லாமலா! 2013 ஜனவரியில் மக்கள்தொகை வெள்ளை அறிக்கை வந்தது. 2030க்குள் 69 லட்சம் வரை போகலாம் என்று ஒரு வரி. அடுத்த மாதமே ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன். எல்லாம் வெளிநாட்டவர் வெறுப்பு என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அன்றைய கோபம் காலை ரயிலில் மூன்றாவது வண்டியிலும் ஏற முடியாத கோபம்தான்.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு எண் இருந்தது, அதை யாரும் பதாகையில் எழுதவில்லை. 2012இல் 65 தாண்டிய ஒருவருக்கு வேலை செய்யும் வயதுக் குடிமக்கள் 5.9 பேர். 2030இல் 2.1 பேர். 2024லேயே குடிமக்களில் ஐந்தில் ஒருவர் 65 தாண்டியவர். என் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் நால்வருக்கும் மருத்துவமனை நாள் குறித்து வைப்பதற்கென்றே கைப்பேசியில் தனி நாட்காட்டி வைத்திருக்கிறேன். மாமியாரைக் கவனிக்க இந்தோனேசியப் பணிப்பெண் இருக்கிறார். அவரும் அந்த 18.6 லட்சத்தில் ஒருவர். அவர் இல்லையென்றால் நானோ மனைவியோ வேலையை விட வேண்டும்.

செம்பவாங் சேட்டன்:
வீட்டுப் பக்கமும் ஒன்று சேர்க்கிறேன். இந்த விகிதம் பிடிப்பது நாட்டு அளவில் மட்டும் இல்லை, படிக்கட்டு அளவிலும் உண்டு. வீவக வீடுகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) அதிகபட்சம் இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15 சதவீதம், மலாய்க்காரர் 25, சீனர் 87. வரம்பு நிரம்பிவிட்டால் அந்த இனத்தவர் வேறு இனத்தவரிடமிருந்து அங்கே வாங்க முடியாது. இணையத்தில் புளோக் எண்ணைத் தட்டினால் யார் வாங்கலாம் என்று காட்டிவிடும்.

என் சித்தி வீட்டை விற்றபோது பார்த்தேன். சீனர் வரம்பு நிரம்பிய புளோக். வீடு பார்க்க வந்த சீனத் தம்பதிக்குச் சமையலறை வரை பிடித்துப்போனது, ஆனால் வாங்க அனுமதி இல்லை. நாலில் மூன்று பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு மீதிப் பேரிடம் பேரம் பேச வேண்டும். கேட்ட விலை வருமா? சிறுபான்மையினருக்கு இது பாரம் என்பதை அரசே ஒப்புக்கொண்டு, சில நிலைமைகளில் வீட்டைத் தானே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் கொண்டுவந்தது. ஆனாலும் கொள்கையே வேண்டாம் என்று சித்தியும் சொல்லமாட்டார். என் மாடியில் எதிர்வீடு மலாய், பக்கத்து வீடு சீனர். மலேசியாவில் இருக்கிற மாமா வீட்டுத் தெருவில் அப்படி இல்லை.

பூன் லே வாசுகி:
என் தங்கைக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. அவள் கணவர் சீனர். இப்போதெல்லாம் நடக்கும் திருமணங்களில் கிட்டத்தட்ட ஆறில் ஒன்று இப்படிக் கலப்புத்தான், அதனால் அவள் ஒருத்தி மட்டும் கேட்கிற கேள்வியாக இருக்காது. அடுத்த மாதம் பிரசவம். பிள்ளையின் இனத்தைச் 'சீனர்-இந்தியர்' என்று போடலாமா, 'இந்தியர்-சீனர்' என்று போடலாமா? இரண்டும் ஒன்றுதானா?

கணக்குப்பிள்ளை:
2011 முதல் இரட்டை இனம் பதிய அனுமதி உண்டு, இரண்டு வரிசையும் செல்லும். ஆனால் ஒன்றில்லை. வீவக வரம்புக்கு முதலில் வருகிற இனத்தைத்தான் எடுப்பார்கள். பிள்ளை பிற்காலத்தில் வீடு வாங்கும்போது 87இல் நிற்குமா 15இல் நிற்குமா என்பது அந்தச் சிறு கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பள்ளியில் தாய்மொழி எது என்ற பேச்சு வரும்போதும் முதல் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள், அங்கே பெற்றோர் மாற்றிக் கேட்க இடம் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் பிறப்பைப் பதியும் முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது.

பூன் லே வாசுகி:
மாமியார் இருக்கிற வீட்டில் "பேசி முடித்துவிடுவது" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறீர்கள். சரி, இன்று இரவே அனுப்பிவிடுகிறேன்.